கன்ட்ரோல் பேனலா, செட்டிங்ஸா? விண்டோஸ் 2012ல் தொடங்கி இன்னும் முடிக்காத வேலை

சின்ன ஆபீஸில் கூட நாலைந்து கணினிகளுக்காவது ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண்ணை, கையால் போட வேண்டியிருக்கும். பில்லிங் கணினி, பிரிண்டர் மாட்டியிருக்கிற கணினி, சிசிடிவி பார்க்கிற கணினி என்று. தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. விண்டோஸ் 10 இந்த வேலைக்கு ரெண்டு இடம் வைத்திருந்தது. ரெண்டும் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகக் கேட்டன, ஒரு இடத்தில் சரியாக இருந்த பதிலை இன்னொரு இடம் ஏற்காது.

பழைய இடம் இப்படி. கன்ட்ரோல் பேனல் வழியாக நெட்வொர்க் அடாப்டருக்குப் போய், ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, அங்கே இருக்கிற பட்டியலில் ஐபி வெர்ஷன் 4 வரியைத் தேடிப் பிடித்து, மறுபடியும் ஒரு ப்ராப்பர்ட்டீஸ். கேட்கவே சலிப்பாக இருக்கும், ஆனால் கடைசியில் வருகிற அந்தச் சின்னப் பெட்டி நன்றாக யோசித்துச் செய்தது. முகவரிக்கு நாலு கட்டம், நடுவில் புள்ளிகள் ஏற்கெனவே இருக்கும். 192.168.1.50 என்று அடித்துவிட்டு டேப் தட்டினால் கீழே சப்நெட் மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்கிற எண்) 255.255.255.0 என்று தானாகவே நிரம்பிவிடும். பெரும்பாலான ஆபீஸுக்கு அதுதான் சரியான எண், அதனால் பலர் அந்தக் கட்டத்தைத் தொட்டதே கிடையாது.

புது இடம் செட்டிங்ஸ் ஆப். அங்கே ஐபி அசைன்மென்ட் என்று ஒரு வரி, பக்கத்தில் எடிட் பட்டன். பாதை சின்னது, பார்க்கவும் சுத்தமாக இருந்தது. உள்ளே போனால் மாஸ்க்கைக் காணோம், அந்த இடத்தில் "சப்நெட் ப்ரிஃபிக்ஸ் லெங்த்" என்று ஒரு கட்டம். அதற்குரிய பதில் 24 என்ற ஒற்றை எண். தொழில்நுட்பப்படி ரெண்டும் ஒன்றுதான், 255.255.255.0 என்பதை பிட்டுகளாக எழுதினால் முதல் 24 பிட்டும் 1, அதுதான் அந்த 24. ரவுட்டர் கட்டமைக்கிறவர்களுக்கு இது பழக்கம். கடையில் கணினி பார்த்துக்கொள்கிற பையனுக்கு இது எதற்குத் தெரிந்திருக்க வேண்டும்? அவன் இருபது வருடமாக எல்லோரும் சொல்லிக் கொடுத்த 255.255.255.0ஐப் போடுவான். அப்புறம் போனில் இப்படித்தான் போகும்:

"சேவ் ஆகல சார்."

"என்ன சொல்லுது?"

"ஐபி செட்டிங்ஸை சேவ் பண்ண முடியல, செட்டிங்ஸை சரிபார்த்துட்டு திரும்ப முயற்சி பண்ணுங்கன்னு சொல்லுது."

"எந்தக் கட்டம் தப்புன்னு காட்டுதா?"

"இல்ல சார், அவ்வளவுதான் சொல்லுது."

"சரி, அதை மூடிட்டு விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்க, என்சிபிஏ டாட் சிபிஎல்னு அடிங்க."

அந்தக் கடைசி வரி பழைய இடத்துக்குக் குறுக்கு வழி. பிரச்சினை தீர்ந்தது, ஆனால் புது மெனு தோற்றது. விண்டோஸ் 11ல் அந்தக் கட்டத்தை மறுபடி சப்நெட் மாஸ்க் ஆக்கிவிட்டார்கள், நல்லது. ஆனால் இதற்கிடையே பல ஹெல்ப்டெஸ்க் ஆட்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: செட்டிங்ஸ் பக்கம் போகாதே, நேராகப் பழசுக்குப் போ.

மெனு குழப்பம் என்றாலே "ஆப்ஷன் ரொம்ப அதிகம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். விண்டோஸ் விஷயத்தில் எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே ஒரு அமைப்பு எங்கே இருக்கிறது என்பதை அதன் வேலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதை எந்த வருடம் எழுதினார்கள் என்று தெரிந்தால்தான் முடியும். மெனுக்கள் பயனரின் வேலைப்படி பிரிக்கப்படவில்லை, எழுதப்பட்ட காலப்படி பிரிந்து கிடக்கின்றன. கீழே வருகிற எல்லா உதாரணமும் இதைத்தான் வேறு வேறு விதமாகக் காட்டும்.

எப்படி இங்கே வந்து நின்றது

கன்ட்ரோல் பேனல் 1985ல் வந்த முதல் விண்டோஸிலேயே உண்டு. விண்டோஸ் 3.1 காலத்தில் அது ஐகான்கள் நிறைந்த ஒரு ஜன்னல், அந்த ஐகான்களுக்குப் பின்னால் சிபிஎல் என்று முடிகிற கோப்புகள். விண்டோஸ் 95ல் டேப் வைத்த பெட்டிகள் வந்தன, இன்றைக்கும் மவுஸ் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் பார்க்கிற அதே வடிவம். அப்போதெல்லாம் குறை என்று சொன்னால், ஐகான்கள் வெறும் அகர வரிசையில் கிடந்தன என்பதுதான். தெரிந்தவருக்கு வசதி, புதிதாக வருகிறவருக்குக் காடு.

2001ல் விண்டோஸ் எக்ஸ்பி இதை வகைப்படுத்தப் பார்த்தது. தோற்றம், நெட்வொர்க், ஒலி, பயனர் கணக்கு என்று பத்துக்குள் அடங்குகிற தலைப்புகள். யோசனை நல்லதுதான், ஆனால் சிஸ்டம் ஐகானை "பெர்ஃபார்மன்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்" என்ற தலைப்புக்குள் போட்டார்கள், யாருக்கும் அது அங்கே இருக்கும் என்று தோன்றாது. அதனால் இடது பக்கத்திலேயே "கிளாசிக் வியூவுக்கு மாறு" என்று ஒரு லிங்க் வைக்க வேண்டியிருந்தது, தெரிந்தவர்கள் புதுக் கணினியில் முதல் வேலையாக அதைத்தான் அழுத்தினார்கள். வகைப்படுத்தல் தோற்றுவிட்டதா என்றால் இல்லை, ஆனால் அதைத் தாண்டிப் போக ஒரு வழி உடனே தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா தேடல் பெட்டியைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 7 வகை, பெரிய ஐகான், சின்ன ஐகான் என்று மூன்று பார்வை கொடுத்தது. என்னைக் கேட்டால் கன்ட்ரோல் பேனல் நன்றாக இருந்த காலம் அதுதான்.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. தொடுதிரைக்காகவே எல்லாவற்றையும் மாற்றி எழுதிய பதிப்பு அது, அதற்காக "பிசி செட்டிங்ஸ்" என்று முழுத்திரையில் விரியும் புது இடம் ஒன்று வந்தது. விரலால் தொட வசதியான பெரிய பெரிய வரிகள், ஆனால் உள்ளே சரக்கு கொஞ்சம்தான். மீதி எல்லாம் கன்ட்ரோல் பேனலில். விண்டோஸ் அப்டேட் ரெண்டு இடத்திலும் இருந்தது. மகன் புது வீடு கட்டிக் குடிபோனான், சமையலறையை மட்டும் அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டான், அந்த மாதிரி. 2015 ஜூலையில் விண்டோஸ் 10ல் அது செட்டிங்ஸ் ஆப் ஆனது, ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்கள் நகர்ந்தன. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 அந்த ஆப்பை மறுபடி அடுக்கியது, இடது பக்கம் 11 தலைப்புகள். சமையலறை இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கம் ஒன்றில், செட்டிங்ஸுக்கு வழிவிட்டு கன்ட்ரோல் பேனல் கைவிடப்பட்டு வருகிறது என்று ஒரு வரி இருந்தது. செய்தி பரவியது. சில நாட்களில் அந்த வரியை மாற்றி, கன்ட்ரோல் பேனலில் உள்ள பல அமைப்புகள் செட்டிங்ஸுக்கு நகர்த்தப்பட்டு வருகின்றன என்று மென்மையாக்கினார்கள். தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்தும் ஊரைக் காலி செய்கிறோம் என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை.

லட்சக் கமா எங்கே இருக்கிறது

நம் ஊர் கணக்காளர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். எக்செலில் 1234567 என்று போட்டால் 12,34,567 என்று வர வேண்டும், சிலர் கணினியில் 1,234,567 என்று வரும். இதை எக்செலுக்குள் தேடி நேரத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் எக்செல் இதை விண்டோஸிடம் இருந்து எடுத்துக்கொள்கிறது. விண்டோஸின் வட்டார அமைப்பு ஆங்கிலம் (அமெரிக்கா) என்று இருந்தால் மில்லியன் கமா, ஆங்கிலம் (இந்தியா) என்று இருந்தால் லட்சக் கமா.

சரி, வட்டாரத்தை மாற்றாமல் கமாவை மட்டும் மாற்ற வேண்டும் என்றால்? செட்டிங்ஸில் "டைம் அண்ட் லாங்குவேஜ்" தலைப்புக்குள் வட்டார வடிவம் என்று பக்கம் இருக்கிறது, அங்கே தேதியை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், வாரத்தின் முதல் நாளைக் கூட மாற்றலாம். எண்ணை மட்டும் மாற்ற முடியாமல் இருந்தது, விண்டோஸ் 10 காலம் முழுக்க இப்படித்தான். எண் வேண்டுமென்றால் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற லிங்க்கை அழுத்திப் பழைய ரீஜன் பெட்டிக்குப் போய், "அடிஷனல் செட்டிங்ஸ்" அழுத்தி, நம்பர்ஸ் டேபில் "டிஜிட் க்ரூப்பிங்" என்ற வரியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த கீழ்விரி பட்டியலில் எந்த விளக்கமும் கிடையாது, 123456789 என்ற எண்ணைக் கமா இல்லாமலும், மில்லியன் கமாவோடும், லட்சக் கமாவோடும் எழுதிக் காட்டியிருப்பார்கள். பார்த்தவுடன் புரியும். இந்த மொத்தப் பயணத்திலும் ஒழுங்காக வடிவமைத்த ஒரே இடம் அந்தப் பட்டியல்தான், அதுவும் பழைய பெட்டியில் இருக்கிறது.

தேதி நகர்ந்தது, எண் அப்போது நகரவில்லை. ஏன்? எவ்வளவு பேர் மாற்றுகிறார்கள் என்ற கணக்கை வைத்து முடிவெடுத்திருக்கலாம், அல்லது தேதிக்கான வேலை அந்த வருடத் திட்டத்தில் இருந்திருக்கலாம். பயனருக்குத் தேதியும் எண்ணும் நாணயமும் ஒரே விஷயம், வட்டார வழக்கம். பாதியை மட்டும் புது வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொருவரும் ரெண்டு இடத்திலும் தேட வேண்டும்.

தமிழ் விசைப்பலகையிலும் இதே கதை. தமிழ் 99, அஞ்சல் எல்லாம் இப்போது விண்டோஸிலேயே வருகின்றன, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், அது பெரிய நிம்மதி. செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்து, அதன் பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியை அழுத்தி, மொழித் தேர்வுகளுக்குப் போய் விசைப்பலகையைச் சேர்க்கலாம். இதுவரை நன்றாகவே போகும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற ஆல்ட் ஷிஃப்ட் வேண்டாம், அது டைப் அடிக்கும்போது கை பட்டு மாறிவிடுகிறது, அதை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால்தான் தெரியும் சங்கதி. விண்டோஸ் 10ல் மொழி ஒரு தலைப்பில், டைப்பிங் இன்னொரு தலைப்பில், அதாவது டிவைசஸில். டைப்பிங் பக்கத்தின் அடியில் "அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்". அதற்குள் "இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்" லிங்க். அழுத்தினால் எக்ஸ்பி காலத்து டேப் பெட்டி. அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து "சேஞ்ச் கீ சீக்வென்ஸ்" அழுத்தினால் அதற்குமேல் இன்னொரு குட்டிப் பெட்டி. விண்டோஸ் 11ல் டைப்பிங்கை மொழியோடு ஒரே தலைப்பில் சேர்த்தார்கள், அது சரியான முடிவு, ஆனால் கடைசி ரெண்டு பெட்டியும் அப்படியே இருக்கின்றன.

ஷட்டவுன் என்றால் ஷட்டவுன் இல்லை

மெனுவில் ஒரு விஷயம் தப்பான இடத்தில் இருந்தால் தேட நேரமாகும் என்பதோடு முடியாது, அப்படி ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸ் 8ல் வந்தது. ஷட்டவுன் செய்யும்போது நம் புரோகிராம்களை மூடிவிடும், ஆனால் விண்டோஸின் உள் மையத்தையும் டிரைவர்களையும் அந்த நிலையிலேயே ஹைபர்னேட் கோப்பில் (மெமரியில் உள்ளதை வட்டில் சேமித்து வைக்கிற கோப்பு) எழுதி வைத்துவிடும். அடுத்த முறை ஆன் செய்தால் அதை வாசித்து வேகமாக எழும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அதாவது "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற காலங்காலமான வைத்தியம் விண்டோஸ் 8க்கு அப்புறம் பல கணினிகளில் வேலை செய்வதில்லை. பிரிண்டர் டிரைவர் சிக்கிக்கொண்டிருக்கும், பயனர் உண்மையாகவே ஆஃப் செய்து ஆன் செய்திருப்பார், சிக்கல் அப்படியே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் அப்டைம், அதாவது கணினி தொடர்ந்து ஓடிய நேரம், பார்த்தால் பல நாள் காட்டும். பக்கத்தில் லினக்ஸும் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு தொல்லை, விண்டோஸ் பார்ட்டிஷன் ஹைபர்னேட் நிலையில் இருப்பதால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கும்.

இவ்வளவு விளைவு உள்ள ஒரு அமைப்பை எங்கே வைத்தார்கள்? கன்ட்ரோல் பேனல், ஹார்டுவேர் அண்ட் சவுண்டு, பவர் ஆப்ஷன்ஸ். அங்கே இடது ஓரத்தில் "பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடு" என்ற பொருளில் ஒரு லிங்க். பட்டனைப் பற்றிய பக்கம் என்று நினைத்து யாரும் உள்ளே போக மாட்டார்கள். போனால் பக்கத்தின் அடியில் டிக் பெட்டி இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாதபடி. மேலே "இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று" என்று ஒரு லிங்க். அதை அழுத்திய பிறகுதான் டிக்கை எடுக்க முடியும். நிர்வாகி அனுமதி வாங்குவதற்கான ஏற்பாடு அது, காரணம் இருக்கிறது, ஆனால் நிர்வாகியாகவே உள்ளே இருக்கிறவருக்கும் முதலில் சாம்பல்தான். ஹைபர்னேட்டையே அணைத்து வைத்த கணினியில் அந்த டிக் பெட்டி மொத்தமாகக் காணாமல் போகும், ஏன் இல்லை என்று ஒரு வரி விளக்கமும் இருக்காது. போனில் வழி சொல்கிறவருக்கு இதைவிடக் கஷ்டம் வேறில்லை. "அடியில ஒரு டிக் இருக்கும் பாருங்க." "இல்லையே சார்."

செட்டிங்ஸிலும் பவர் என்று ஒரு பக்கம் உண்டு. திரை எத்தனை நிமிடத்தில் அணையட்டும், கணினி எப்போது தூங்கட்டும் என்பது அங்கே. ஷட்டவுன் எப்படி நடக்கிறது என்பது அங்கே இல்லை.

ஒரே கேள்விக்குப் பல பதில்

நெட்வொர்க்குக்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் சரக்கு அதிகம். விண்டோஸ் 11ல் வைஃபைக்கு டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தருகிற சேவை) முகவரி போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸிலேயே ரெண்டு பக்கம். ஒன்று இப்போது இணைந்திருக்கிற வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ், அங்கே போட்டால் அந்த வைஃபைக்கு மட்டும். இன்னொன்று ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ், அங்கே போட்டால் எல்லா வைஃபைக்கும். ரெண்டிலும் டிஎன்எஸ் அசைன்மென்ட் என்று ஒரே மாதிரி வரி, ஒரே மாதிரி எடிட் பட்டன். பொதுப் பக்கத்தில் போட்டிருந்தால் தனிப் பக்கத்தில், எல்லா வைஃபைக்கும் டிஎன்எஸ் அமைக்கப்பட்டிருக்கிறது, கீழே உள்ளவை பயன்படாது என்று ஒரு எச்சரிக்கை வரும். இந்த எச்சரிக்கையை எழுதியவருக்கு என் பாராட்டு, எது ஜெயிக்கும் என்று மெனுவே வாய்விட்டுச் சொல்கிற அபூர்வமான இடம் இது. மூன்றாவதாகப் பழைய அடாப்டர் பெட்டியும் இருக்கிறது, அங்கேயும் டிஎன்எஸ் கட்டம் உண்டு.

நெட்வொர்க் வழியே வருவதையும் போவதையும் வடிகட்டுகிற ஃபயர்வாலும் அப்படியே. கன்ட்ரோல் பேனலில் ஒன்று, விண்டோஸ் செக்யூரிட்டி ஆப்பில் ஒன்று, விஸ்டாவில் வந்த "அட்வான்ஸ்டு செக்யூரிட்டி" ஜன்னல் ஒன்று. உண்மையில் விதி எழுத வேண்டுமென்றால் மூன்றாவதற்குத்தான் போக வேண்டும். முதல் ரெண்டும் அங்கே கொண்டுபோய் விடுகிற லிங்க் வைத்திருக்கின்றன, அவ்வளவே.

நிர்வாகிகளுக்கு இந்த ரெட்டை வாழ்க்கை வேறு மாதிரி தலைவலி. ஊழியர்கள் சில அமைப்புகளைத் தொடக் கூடாது என்றால் க்ரூப் பாலிசியில் (நிறுவனக் கணினிகளுக்கு மொத்தமாக விதி போடுகிற வசதி) கன்ட்ரோல் பேனல் ஐகான்களை மறைக்க ஒரு விதி, செட்டிங்ஸ் பக்கங்களை மறைக்க வேறொரு விதி. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை விட்டால் முன்கதவைப் பூட்டியும் பயனில்லை.

ஏன் ஒரே நாளில் தூக்கிப் போட முடியவில்லை

"பழசை அழித்துவிட வேண்டியதுதானே" என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. முடியாததற்குக் காரணம் இருக்கிறது, அதை மைக்ரோசாஃப்டின் சோம்பல் என்று மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. சிபிஎல் கோப்பு யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம் என்று திறந்து வைத்த ஏற்பாடு. ஒலி அட்டை செய்கிறவர்கள், டச்பேட் செய்கிறவர்கள், பிரிண்டர் செய்கிறவர்கள் எல்லோரும் தங்கள் ஐகானைக் கன்ட்ரோல் பேனலில் போட்டார்கள், மவுஸ் பெட்டியில் தங்கள் டேபைச் சேர்த்தார்கள். பழைய ஒரு கருவிக்கு அந்த டேப் மட்டும்தான் கட்டுப்பாடு. பெட்டியை எடுத்தால் அந்தக் கருவியின் அமைப்பே போய்விடும். அதோடு நிறுவனங்களின் கையேடுகள், ஸ்கிரிப்ட்கள், பயிற்சி வகுப்புகள் எல்லாம் பழைய பெயர்களிலேயே இருக்கின்றன.

ஓடிபிசி என்று ஒரு பெட்டி உண்டு, தரவுத்தள இணைப்பு அமைப்பதற்கு. 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று. ரெண்டு புரோகிராம் கோப்புக்கும் ஒரே பெயர், அந்தப் பெயரின் முடிவில் 32 என்று இருக்கும், 64 பிட் புரோகிராமுக்கும் சேர்த்துத்தான். 64 பிட் உள்ளது சிஸ்டம்32 ஃபோல்டரில், 32 பிட் உள்ளது பெயரில் 64 வருகிற இன்னொரு ஃபோல்டரில். யாரோ கிண்டலுக்குச் செய்தது மாதிரி இருக்கும், ஆனால் பழைய புரோகிராம்கள் அந்தப் பெயரையும் இடத்தையும் நம்பி எழுதப்பட்டிருப்பதால் மாற்ற முடியாமல் போன விஷயம் இது.

நியாயமான காரணம் இருக்கிறது, சரி. ஆனால் நகர்த்திய முறையில் எனக்கு வருத்தம் உண்டு. 2020 அக்டோபரில் வந்த 20எச்2 பதிப்பில் கன்ட்ரோல் பேனலின் சிஸ்டம் பக்கத்தை மூடி, அதை அழுத்தினால் செட்டிங்ஸின் அபவுட் பக்கம் திறக்கும்படி செய்தார்கள். பழைய கதவைத் தட்டினாலும் புது இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது, இதுதான் சரியான முறை. ஆனால் அபவுட் பக்கத்தில் என்ன இருக்கிறது? கணினியின் பெயர், ராம், பதிப்பு எண். உண்மையான வேலைகள் எல்லாம், விர்ச்சுவல் மெமரி, என்விரான்மென்ட் வேரியபிள், ரீஸ்டோர் பாயின்ட், "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" லிங்க்கிலும் அதன் பக்கத்து லிங்க்குகளிலும். அழுத்தினால் பழைய டேப் பெட்டி. விர்ச்சுவல் மெமரியை மாற்ற அதில் ஒரு செட்டிங்ஸ் பட்டன், அதற்குள் அட்வான்ஸ்டு டேப், அதற்குள் சேஞ்ச் பட்டன். மூன்று பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், மூன்றுக்கும் தனித்தனி ஓகே. பெயர்ப்பலகை மட்டும்தான் புது இடத்துக்குப் போனது.

பழசையும் நன்றாக்க முடியும் என்பதற்கும் அதே பெட்டியில் சான்று இருக்கிறது. பாத் வேரியபிளை (கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியல்) மாற்ற வருடக்கணக்காக ஒரே ஒரு குறுகிய வரிதான் இருந்தது, நூற்றுக்கணக்கான எழுத்துகளை அதில் நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். 2015 நவம்பர் அப்டேட்டில் அதைப் பட்டியலாக மாற்றினார்கள், ஒரு ஃபோல்டருக்கு ஒரு வரி, மேலே கீழே நகர்த்த பட்டன். பெட்டி அதே இடத்தில், அதே பெயரில். டெவலப்பர்களுக்கு விண்டோஸ் 10 செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்ப்பேன், விளம்பரமே இல்லாமல் நடந்தது.

தேடல் பெட்டி காப்பாற்றுமா

மெனு எப்படி இருந்தால் என்ன, தேடிக்கொள்ளலாமே என்பார்கள். பெயர் தெரிந்தால் தேடலாம். ஷட்டவுன் ஆகாத சிக்கலுக்குப் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று தெரிந்தவருக்குத் தேடல் உதவும், தெரியாதவர் ஷட்டவுன் என்றுதான் அடிப்பார். கிடைத்தாலும் பக்கம் திறக்கும், அதில் எந்த வரி என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

2010 தொடக்கத்தில் "காட் மோட்" என்று ஒரு சமாச்சாரம் பரவியது நினைவிருக்கலாம். ஒரு ஃபோல்டருக்கு நீளமான குறியீட்டைப் பெயராக வைத்தால் கன்ட்ரோல் பேனலின் வேலைகள் எல்லாம், இருநூறுக்கும் மேல், ஒரே பட்டியலாக விரியும். பெயர்தான் பெரிசு, உள்ளே புதிதாக எதுவும் இல்லை. ஆனாலும் இன்றுவரை அதைச் செய்து வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்? அதில் வரிகள் எல்லாம் "இதைச் செய்" என்ற வடிவத்தில், வேலையின் பெயரில் இருக்கின்றன, அது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். இருநூறு வரி இருந்தும் யாரும் குழம்பவில்லை.

மற்ற இடங்களில் வேறு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். 2002ல் லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோம் 2 ஆப்ஷன்களை வெட்டிக் குறைத்தது, ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு விலை உண்டு என்பது அவர்கள் வாதம். 2005 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் கடுமையாகத் திட்டி, போட்டி டெஸ்க்டாப்பான கேடிஈ பயன்படுத்துங்கள் என்றே சொல்லிவிட்டார். க்னோம் வெளியே காட்டாமல் விட்ட ஆப்ஷன்களில் பல பின்னாளில் ட்வீக்ஸ் என்ற தனிக் கருவியாகப் பின்வாசல் வழியே திரும்பி வந்தன. ஆப்பிள் 2022 அக்டோபரில் மேக்கின் ஐகான் கட்டங்களை எடுத்துவிட்டு ஐபோன் மாதிரி இடது பக்கப் பட்டியலைக் கொண்டுவந்தது. பழகினவர்கள் முணுமுணுத்தார்கள், அடுக்கிய விதத்தில் எனக்கும் குறை உண்டு. ஆனால் ஒரே நாளில் மாறியது, பழசு நின்று தொடரவில்லை. திட்டிக்கொண்டே புது இடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

விண்டோஸால் அப்படி ஒரே நாளில் மாற முடியாது, அதன் கீழே ஓடுகிற கருவிகளும் நிறுவனங்களும் வேறு. ஆனால் நகர்த்துகிற அலகை மாற்றலாம். பக்கம் பக்கமாக நகர்த்தாமல், ஒரு வேலையை எடுத்து அதன் கடைசி டிக் பெட்டி வரைக்கும் கொண்டுபோக வேண்டும், அது முடிகிற வரைக்கும் புதுப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். முடிந்த அன்றைக்கே பழைய ஐகான் புது இடத்துக்கு வழிவிட வேண்டும். பழைய பெயரைத் தேடலில் அப்படியே வைத்திருக்க வேண்டும், இருபது வருடம் கழித்தும் யாராவது அந்தப் பெயரில் தேடுவார்கள். அப்புறம், ஒரு மதிப்பை ஏற்கவில்லை என்றால் எந்தக் கட்டம் என்று காட்டினால் போதும், ப்ரிஃபிக்ஸ் லெங்த் விவகாரம் பாதிக்கு மேல் நடந்தே இருக்காது.

2025ல் கூடுதல் கடிகாரம், எண் மற்றும் நாணய வடிவம், விசைப்பலகையின் வேகம் போன்றவை செட்டிங்ஸுக்குள் வரத் தொடங்கிவிட்டன. லட்சக் கமாவுக்கு இனிப் பழைய பெட்டியைத் தேட வேண்டியதில்லை என்றால் சந்தோஷம்தான். அடுத்ததாக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கைப் பவர் பக்கத்தின் நடுவில், சாம்பல் பூசாமல், ஷட்டவுன் முழுசாக நடக்காது என்ற ஒரு வரியோடு வைக்கலாம். புது நிரல் கொஞ்சம்தான் தேவைப்படும், ஹெல்ப்டெஸ்க் அழைப்புகள் நிறையக் குறையும். ஓடிபிசி பெட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளட்டும், அதைத் திறக்கிறவர்கள் எப்படியும் வழி தெரிந்தவர்கள்.